முதலாளியின் முதல் பதில்: சிறு வணிகத்தில் புத்தாக்கத்தை வளர்ப்பது எப்படி?

புத்தாக்கம் என்ற சொல் நம் காதில் அடிக்கடி விழுகிறது. அமைச்சர்களின் உரைகளில் அது இடம்பெறுகிறது. வங்கிகளின் விளம்பரங்களில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகள்கூட அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். ஆனால், சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடமோ, கிள்ளானில் சாப்பாட்டுக் கடை நடத்துபவரிடமோ அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்குங்க. நமக்கு வாடகை கட்டி, ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுத்து, மாசத்தைத் தள்ளுறதே பெரும்பாடா இருக்கு" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாடகை ஏறுகிறது. ஆள் கிடைப்பதில்லை. வெளிநாட்டு ஊழியரை வைத்துக்கொண்டால் மாதந்தோறும் தீர்வை கட்ட வேண்டும். நேற்றுவரை கடைக்கு வந்த வாடிக்கையாளர் இன்று கைப்பேசியிலேயே பொருளை வாங்கிவிடுகிறார். இத்தனைக்கும் நடுவே புதிதாக எதையாவது செய்து பார்க்க நேரம் ஏது, பணம் ஏது என்று அவர் கேட்கிறார்.

ஆனால், இதே காரணங்களை மறுபக்கமிருந்தும் பார்க்கலாம். வாடகையை நம்மால் குறைக்க முடியாது. தீர்வையையும் குறைக்க முடியாது. கடைக்குள்ளே வேலை நடக்கும் விதம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதையும் மாற்ற மாட்டோம் என்றால், கடையின் கதி வெளியிலிருப்பவர்களின் முடிவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

புத்தாக்கம் என்றால் விலையுயர்ந்த இயந்திரம், பெரிய முதலீடு, படித்த ஆய்வாளர்கள் என்று எண்ணிவிடுகிறோம். சிறு வணிகத்தைப் பொறுத்தவரை உண்மை வேறு. புதிய யோசனை பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கிறது. தட்டுக் கழுவும் ஊழியரிடம் இருக்கலாம். கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் இருக்கலாம். முகம் சுளித்துவிட்டுப் போகும் வாடிக்கையாளரிடமும் இருக்கலாம். அது வெளியே வருகிறதா, உள்ளேயே மடிகிறதா என்பதை முடிவு செய்வது பணம் அல்ல. அந்த யோசனையை முதன்முதலாகக் கேட்கும்போது முதலாளி சொல்லும் பதில்தான்.

தூக்கி எறிந்த தலை

கண்டுபிடிப்பும் புத்தாக்கமும் ஒன்றல்ல. உலகில் இதுவரை இல்லாத ஒன்றை உருவாக்குவது கண்டுபிடிப்பு. ஏற்கெனவே இருப்பதைப் புதிய விதத்தில் சேர்த்து, அதனால் வாங்குவோருக்கும் விற்போருக்கும் பயன் விளையும்படி செய்வது புத்தாக்கம். சிறு கடைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

நமக்கு மிக நெருக்கமான ஒரு சான்று, மீன் தலைக் கறி. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949 ஆம் ஆண்டு வாக்கில் சிங்கப்பூரின் சோஃபியா ரோடு வட்டாரத்தில் ஒரு சிறிய உணவகம் நடத்தினார். இந்தியச் சமையலில் மீன் தலைக்குப் பெரிய மதிப்பில்லாத காலம் அது. ஆனால், சீனர்கள் மீன் தலையை விரும்பி உண்பதை அவர் கவனித்தார். தம் ஊர் மசாலாக் குழம்பில் மீன் தலையைப் போட்டுச் சமைத்துப் பரிமாறினார். மலிவாகக் கிடைத்த ஒரு பொருள், கையில் இருந்த குழம்பு, கண்ணெதிரே இருந்த வாடிக்கையாளர்: இந்த மூன்றையும் இணைத்ததுதான் அவர் செய்த புதுமை. புதிய இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. இன்று எல்லா இனத்தவரும் விரும்பிச் சாப்பிடும் சிங்கப்பூர் உணவாக அது நிலைத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, கோமஸ் 'என்னிடம் என்ன இருக்கிறது' என்பதோடு நின்றுவிடவில்லை. 'அடுத்த மேசைக்காரர் எதை விரும்புகிறார்' என்றும் பார்த்தார். நம் கடைகளில் பலவற்றுக்கு நம்மவர் மட்டுமே வாடிக்கையாளர் என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது. வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, என்ன கேட்பதென்று தெரியாமல் திரும்பிப் போகும் சீனரையும் மலாய்க்காரரையும் நாம் கணக்கில் வைப்பதில்லை. அவர் ஏன் திரும்பிப் போனார் என்று கேட்பது ஒரு காசும் செலவில்லாத ஆராய்ச்சி.

குறையிலிருந்து பிறந்த நண்டு

இன்னொரு சான்றும் சிங்கப்பூரிலேயே உண்டு. 1950களில் செர் யாம் தியான் என்ற இல்லத்தரசி, நண்டை வழக்கமாக ஆவியில் வேகவைத்துத்தான் பரிமாறுவார். வேறு விதமாகச் சமைத்துப் பாரேன் என்று அவருடைய கணவர் கேட்டார். அவர் போத்தலில் வந்த தக்காளிச் சாஸைச் சேர்த்துப் பார்த்தார். இனிப்பு தூக்கலாக இருந்தது. பிறகு மிளகாய்ச் சாஸையும் சேர்த்தார். அண்டை அயலார் ருசி பார்த்துப் பாராட்டினார்கள். 1956ல் அந்தத் தம்பதி தள்ளுவண்டியில் அதை விற்கத் தொடங்கினார்கள். சில மேசைகள், முக்காலிகள், மண்ணெண்ணெய் விளக்கு, அவ்வளவுதான் கடை. பின்னர் அது பாம் பீச் என்ற பெயரில் உணவகமாக வளர்ந்தது. உலகெங்கும் பேசப்படும் சில்லி கிராப் பிறந்த கதை இதுதான்.

"எப்பப் பார்த்தாலும் இதே சமையலா?" என்று கணவர் கேட்டால் பல வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். செர் யாம் தியான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வியாக எடுத்துக்கொண்டார். முதல் முயற்சி சரியாக வராதபோது கைவிட்டுவிடவும் இல்லை. ஒரு பொருளை மாற்றி மறுபடியும் செய்து பார்த்தார். குறையைக் கேட்பது, சிறிதாக மாற்றிப் பார்ப்பது, ருசி பார்த்தவரின் கருத்தை அறிவது, மறுபடியும் மாற்றுவது என்ற இந்தச் சுழற்சிதான் புத்தாக்கத்தின் அடிப்படை.

மலேசியாவிலும் இதைப் பார்க்கலாம். 1970களின் இறுதியில் ரம்லி மொக்னி என்பவர் கோலாலம்பூரில் சிறு அங்காடியில் பர்கர் விற்கத் தொடங்கினார். அப்போது சந்தையில் கிடைத்த பர்கர் இறைச்சி ஹலால்தானா என்ற ஐயம் முஸ்லிம்களிடையே இருந்தது. அந்த ஐயத்தைத்தான் அவர் வாய்ப்பாகக் கண்டார். இன்று ரம்லி பர்கர் இல்லாத இரவுச் சந்தையைக் காண்பது அரிது. வாடிக்கையாளரின் தயக்கம் எங்கே இருக்கிறதோ, அங்கே ஒரு வியாபாரமும் ஒளிந்திருக்கிறது.

"நீ சொன்ன வேலையைச் செய்"

இனி நம் கடைக்குள் வருவோம். ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். மதிய நேரம், கூட்டம் அலைமோதுகிறது. பரிமாறும் தம்பி ஒருவர் முதலாளியிடம் வந்து, "அண்ணே, சாம்பார் வாளி உள்ளே இருக்கறதால ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்கு ஓட வேண்டியிருக்கு. ஒரு வாளிய இங்க முன்னாடியே வச்சுக்கிட்டா என்னண்ணே?" என்று கேட்கிறார்.

"நீ சொன்ன வேலையைச் செய். பத்து வருஷமா இப்படித்தான் நடக்குது" என்று முதலாளி சொல்லிவிடுகிறார்.

அவர் கெட்டவர் அல்ல. கூட்டம், அவசரம், களைப்பு. ஆனால், அந்த ஒரு வாக்கியத்தோடு அந்தத் தம்பியின் வாய் அடைத்துவிட்டது. அடுத்த முறை குளிர்பதனப் பெட்டியில் தயிர் கெட்டுப்போவதைப் பார்த்தாலும் அவர் சொல்ல மாட்டார். வாடிக்கையாளர் இருவர் காத்திருந்து வெளியேறியதைக் கண்டாலும் சொல்ல மாட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூன்று ஊழியர்களும் பாடம் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

அந்த யோசனையின் மதிப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாளியை முன்னால் வைத்தால் ஒரு சாப்பாட்டுக்கு 20 விநாடி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 300 சாப்பாடு போனால் 6,000 விநாடி, அதாவது 100 நிமிடம் மிச்சம். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் கடைக்கு இது ஒருவரின் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேர உழைப்பு. அதை முதலாளி ஒரு வாக்கியத்தில் தூக்கி எறிந்துவிட்டார்.

ஊழியர்கள் ஏன் யோசனை சொல்வதில்லை என்பதற்கு மூன்று அச்சங்களைக் காரணமாகச் சொல்லலாம்.

முதலாவது, ஏளனம் பற்றிய அச்சம். பத்துப் பேர் முன்னிலையில் "வந்துட்டாருய்யா பெரிய மேனேஜரு" என்று ஒருமுறை கேலிக்கு ஆளானவர் இரண்டாம் முறை பேச மாட்டார்.

இரண்டாவது, கூடுதல் வேலை பற்றிய அச்சம். யோசனை சொன்னவர் தலையிலேயே அந்த வேலையும் கட்டப்பட்டு, சம்பளம் மட்டும் அப்படியே இருந்தால், சும்மா இருப்பதே புத்திசாலித்தனம் என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

மூன்றாவது, பிழைப்பு பற்றிய அச்சம். இதுதான் மிகவும் ஆழமானது. வேலை சுலபமானால் ஓர் ஆளைக் குறைத்துவிடுவார்களோ என்று அவர் எண்ணுகிறார். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு இந்த அச்சம் இரட்டிப்பு. ஊரில் கடன் இருக்கும். முதலாளிக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்ற கவலை இருக்கும். நம் கடைகளில் பலவற்றை உண்மையில் நாள் முழுவதும் நடத்துபவர்கள் இவர்கள்தான். கடையின் குறைகள் இவர்களுக்குத் தெரிந்த அளவு முதலாளிக்குக்கூடத் தெரியாது. அவர்கள் வாய்மூடி இருப்பதால் ஏற்படும் நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

ஆகவே, புத்தாக்கத்தை வளர்க்க விரும்பும் முதலாளி முதலில் தர வேண்டியது ஒரு வாக்குறுதி. "நீங்க சொல்ற யோசனையால உங்க யாருக்கும் வேலை போகாது" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா 1950ல் அமெரிக்காவுக்குச் சென்று ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்வையிட்டார். அங்கே ஊழியர்களிடமிருந்து யோசனைகளைப் பெறும் முறை அவரைக் கவர்ந்தது. 1951ல் டொயோட்டாவிலும் அத்தகைய திட்டம் தொடங்கப்பட்டது. ஊழியர்கள் சொன்னவை பெரும்பாலும் சின்னச் சின்ன மாற்றங்கள். ஒரு கருவியை எட்டும் தூரத்தில் வைப்பது, ஒரு பெட்டிக்கு வண்ணம் பூசுவது போன்றவை. ஒவ்வொன்றும் சிறியது. ஆண்டுக் கணக்கில் அவை சேர்ந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

சிங்கப்பூருக்கும் இது புதிதல்ல. 1981ல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியபோது ஜப்பானிய முறைகளே பெரிதும் முன்மாதிரியாக இருந்தன. அடுத்த ஆண்டு அறிமுகமான டீமி என்ற தேனீச் சின்னத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசாங்க அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கூடி வேலையை மேம்படுத்தும் வழிகளைப் பேசினார்கள். ஆனால், அந்தப் பழக்கம் தேக்காவின் கடைத்தெருவுக்குள் அவ்வளவாக நுழையவில்லை. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்குக் குழு எதற்கு என்று நாம் இருந்துவிட்டோம்.

ஐந்து பேர் கடைக்கு இது இன்னும் சுலபம். அதற்குச் சில வழிகள் உண்டு.

கடை திறப்பதற்கு முன் வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தேநீர் கொடுங்கள். "ஏதாவது ஐடியா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "இந்த வாரம் எந்த வேலை உங்களுக்கு எரிச்சலா இருந்துச்சு? எந்த வாடிக்கையாளரு என்ன கேட்டு நம்மகிட்ட இல்லன்னு திரும்பிப் போனாரு?" என்று கேளுங்கள். எரிச்சலைச் சொல்ல எல்லாருக்கும் தெரியும். எரிச்சல்தான் யோசனையின் விதை.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யார் சொன்னார், என்ன சொன்னார், என்ன செய்தோம், என்ன பலன் என்று நான்கே கட்டங்கள். தமிழ் எழுதத் தெரியாதவர் இருந்தால் அவர் சொல்ல மற்றவர் எழுதலாம். கைப்பேசியில் குரல் பதிவாகவும் அனுப்பலாம்.

ஒரு வாரத்திற்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். "இந்த வாளிய இங்க வச்சா கொதிக்கிற சாம்பார் பிள்ளைங்க மேல பட்டுடும்" என்பது நியாயமான மறுப்பு. அதைக் கேட்ட ஊழியரே, "அப்போ மூடி போட்ட பிளாஸ்க்ல வைக்கலாம்ண்ணே" என்று அடுத்த யோசனையைச் சொல்லக்கூடும். மறுப்பதில் தவறில்லை. காரணம் சொல்லாமல் மறுப்பதுதான் கதவை அடைத்துவிடுகிறது.

யோசனை பலன் தந்தால், சொன்னவரின் பெயரை எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். 20 வெள்ளியோ 50 வெள்ளியோ அன்றே கையில் கொடுங்கள். தீபாவளி போனசில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எதற்காகக் கிடைத்தது என்பதே மறந்துவிடும். வாடிக்கையாளர் பாராட்டும்போது, "இது நம்ம செல்வியோட யோசனைங்க" என்று முதலாளி சொல்வது பணத்தைவிடப் பெரிய பரிசு. பிறர் யோசனையைத் தன் யோசனையாகச் சொல்லிக்கொள்ளும் முதலாளிக்கு இரண்டாவது யோசனை கிடைக்காது.

சிறிதாகச் சோதித்துப் பாருங்கள்

யோசனை கிடைத்துவிட்டது. அடுத்து பலர் செய்யும் பிழை, ஒரே பாய்ச்சலில் கடையையே மாற்றிவிடுவது. கடன் வாங்கி உட்புறத்தைப் புதுப்பிப்பார்கள். உணவுப் பட்டியல் முழுவதையும் மாற்றுவார்கள். மூன்று மாதத்தில் பழைய வாடிக்கையாளரும் போய், புதியவரும் வராமல் திண்டாடுவார்கள். பிறகு "புதுமை எல்லாம் நமக்குச் சரிப்படாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அவர்களைக் கவிழ்த்தது புதுமை அல்ல, அளவு.

உடனடி நூடல்ஸைக் கண்டுபிடித்த மொமொஃபுகு ஆண்டோவின் கதை இங்கே பொருந்தும். அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் ஒன்று 1957ல் நொடித்துப்போய், தம் சொத்தையெல்லாம் அவர் இழந்தார். ஒசாக்காவுக்கு அருகே இகெடா என்ற ஊரில் வீட்டின் பின்புறம் ஒரு சிறு கொட்டகை போட்டு, சாதாரணச் சமையல் பாத்திரங்களோடு சோதனையில் இறங்கினார். நூடல்ஸை எப்படி உலர வைப்பது என்பதுதான் சிக்கல். மனைவி சமையலறையில் எண்ணெயில் தெம்புரா பொரிப்பதைப் பார்த்தார். சூடான எண்ணெய் மாவிலுள்ள நீரை வெளியேற்றுவதைக் கவனித்தார். அதுவே வழியாயிற்று. 1958ல் முதல் உடனடி நூடல்ஸ் விற்பனைக்கு வந்தது. எல்லாவற்றையும் இழந்த மனிதரிடம் இருந்தது ஒரு கொட்டகையும் பொறுமையும்தான். செலவு சிறிதாக இருந்ததால் அவரால் பல முறை தோற்க முடிந்தது.

நாமும் அப்படியே செய்யலாம். எந்தச் சோதனைக்கும் முன்கூட்டியே மூன்று எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பணம்? எத்தனை நாள்? எதை அளந்து பார்ப்போம்?

சேலைக் கடை ஒன்று, ரவிக்கையையும் தைத்துக் கொடுத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் விரும்புவார்கள் என்று கருதுவதாக வைத்துக்கொள்வோம். உடனே தையல் இயந்திரம் வாங்கி, ஆள் போட வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே தைக்கும் ஒருவரோடு பேசிக்கொண்டு, தீபாவளிக்கு இரண்டு மாதத்திற்கு முன் முதல் 20 வாடிக்கையாளருக்கு மட்டும் செய்து பார்க்கலாம். செலவு 300 வெள்ளிக்குள். காலம் ஆறு வாரம். அளவுகோல்: 20 பேரில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை ரவிக்கை அளவு பிசகித் திரும்பி வந்தது, அதனால் கூடுதலாக எத்தனை சேலை விற்றது. ஆறு வாரத்தில் விடை தெரிந்துவிடும். பலன் இல்லையென்றால் போனது 300 வெள்ளி. பலன் இருந்தால் அடுத்த தீபாவளிக்குத் துணிந்து விரிவுபடுத்தலாம்.

அளக்காத சோதனை சோதனையே அல்ல. "நல்லாப் போற மாதிரி இருக்கு" என்பது கணக்காகாது. நாளுக்கு எத்தனை என்று தாளில் எழுதி வைத்தால்தான் மனம் நம்மை ஏமாற்றாது.

தோற்ற யோசனையையும் எழுதி வையுங்கள்

அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற ஆய்வாளர் 1968ல் உறுதியான பசை ஒன்றைச் செய்ய முனைந்தார். கிடைத்ததோ சரியாக ஒட்டாத, எளிதில் உரிந்து வரும் பசை. பசை ஒட்டவில்லை என்றால் அது தோல்விதானே? ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. சக ஊழியர்களிடம் அதைப் பற்றித் தொடர்ந்து பேசிவந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1974ல், ஆர்ட் ஃபிரை என்ற சக ஊழியருக்கு ஒரு தேவை ஏற்பட்டது. தேவாலயத்தில் பாடும்போது பாடல் புத்தகத்தில் அவர் வைத்த அடையாளத் தாள்கள் விழுந்துகொண்டே இருந்தன. அந்தப் பசை அவர் நினைவுக்கு வந்தது. 1980ல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த போஸ்ட்-இட் என்ற ஒட்டுத்தாள் அப்படிப் பிறந்தது.

தோல்வியை ஒருவர் வெளியே சொன்னதும், மற்றவர் அதை நினைவில் வைத்திருந்ததும்தான் அங்கே வெற்றியாயிற்று. நம் கடைகளில் தோற்ற யோசனை வசைச் சொல்லாக மட்டுமே நினைவில் நிற்கிறது. "போன வருஷமே சொன்னியே, என்னாச்சு பாத்தியா?" என்று குத்திக் காட்டுகிறோம். அப்படிச் செய்யாமல் நோட்டுப் புத்தகத்தில், எதனால் பலிக்கவில்லை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். காலம் மாறும்போது அதே யோசனை பலிக்கலாம். கைப்பேசியில் பணம் வாங்கும் வசதி பத்து ஆண்டுகளுக்கு முன் நம் கடைகளில் எடுபடாமல் போயிருக்கும். சிங்கப்பூரில் 2018ல் எஸ்ஜிகியூஆர் என்ற பொதுவான கியூஆர் குறியீடு வந்தபின் நிலைமையே வேறு.

மகனும் மகளும் ஏன் கடைக்கு வருவதில்லை?

இந்த விஷயத்தில் நம் சமூகத்திற்கு இன்னொரு பெரிய கேள்வியும் அடங்கியிருக்கிறது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனால், கடையை எடுத்து நடத்தப் பிள்ளைகள் வருவதில்லை என்ற கவலை அங்காடிக்காரர்களிடம் இருக்கிறது. தேக்காவின் பழைய கடைகளுக்கும் இதே கவலைதான்.

நீண்ட வேலை நேரமும் குறைந்த வருமானமும் காரணங்கள் என்பது உண்மை. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. படித்து முடித்த மகள் கடைக்கு வந்து, "அப்பா, சரக்கு இருப்பைக் கணினியில போட்டுடலாம்பா" என்கிறாள். "இருபத்தஞ்சு வருஷமா என் மனசுலயே கணக்கு வச்சிருக்கேன். நீ நேத்துப் பொறந்த பொண்ணு" என்று அப்பா சொல்கிறார். அவள் அலுவலக வேலைக்குப் போய்விடுகிறாள். அங்கே அவள் சொல்வதைக் கேட்கிறார்கள். பத்து ஆண்டு கழித்துக் கடையை மூடும்போது, "பிள்ளைங்களுக்கு ஆர்வம் இல்லை" என்கிறோம். ஆர்வத்தோடு வந்தவளை நாம் என்ன சொல்லி அனுப்பினோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அப்பாவின் அனுபவம் சாதாரணமானதல்ல. எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கு எந்த மாதம் விலை ஏறும் என்பது எந்தக் கணினிக்கும் தெரியாத அறிவு. ஆனால், அந்த அறிவு அவர் மனத்தோடு மறைந்துபோகாமல் இருக்க வேண்டுமென்றால், அடுத்தவர் கைக்கு அது வர வேண்டும். கடை முழுவதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஓர் அலமாரியைக் கொடுங்கள். "இந்த ஒரு வரிசைச் சரக்கை ஆறு மாசம் உன் விருப்பப்படி வாங்கி வித்துப் பாரும்மா. லாப நட்டக் கணக்கை மாசாமாசம் எனக்குக் காட்டு" என்று சொல்லுங்கள். தோற்றாலும் ஓர் அலமாரி அளவுதான் தோற்பாள். வென்றால் கடைக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டது.

பணமும் பாதுகாப்பும்

சோதனையில் வென்ற யோசனைக்கு மட்டுமே பணம் தேட வேண்டும். இந்த வரிசை முக்கியம். மானியம் கிடைக்கிறதே என்று இயந்திரம் வாங்கி, அது மூலையில் தூசு படிந்து கிடப்பதால் யாருக்கும் பயனில்லை.

சிங்கப்பூரில் 2018ல் உருவான எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் அமைப்பு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு உதவுகிறது. முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள், சாதனங்கள் போன்றவற்றை வாங்குவதற்கு உற்பத்தித்திறன் தீர்வு மானியம் உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன்பே விற்பனையாளருக்கு முன்பணம் கட்டிவிட்டால் அந்த மானியம் கிடைக்காது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். எதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதற்குச் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையில் ஆலோசனை பெறலாம். மலேசியாவில் எஸ்எம்இ கார்ப் ஆலோசனை தருகிறது. இந்தியத் தொழில்முனைவோருக்கென தெக்குன் நேஷனல் ஸ்புமி என்ற கடனுதவித் திட்டத்தை நடத்துகிறது. விதிமுறைகளும் தொகைகளும் மாறக்கூடியவை என்பதால் நேரில் விசாரித்து உறுதி செய்துகொள்வது நல்லது.

"நான் கஷ்டப்பட்டுச் செய்ததை அடுத்த கடைக்காரர் பார்த்துச் செய்துவிட்டால்?" என்பதும் பலரின் அச்சம். செய்யத்தான் செய்வார். மீன் தலைக் கறியும் சில்லி கிராப்பும் ஒரே கடையோடு நின்றுவிடவில்லை. முட்டை சேர்த்துக் கெட்டியாக்கிய சில்லி கிராப் குழம்பு, ஹூய் கோக் வா என்ற வேறொரு சமையல்காரர் பின்னர் செய்த மாற்றம்தான். சமையல் முறையைச் சட்டத்தால் கட்டிக் காப்பது கடினம். மசாலாக் கலவையின் அளவை இரகசியமாக வைத்துக்கொள்ளலாம். கடையின் பெயரையும் சின்னத்தையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். கருவி ஒன்றையே புதிதாக உருவாக்கியிருந்தால், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அதைப் பலரறியக் காட்டாதீர்கள்; காட்டிவிட்டால் அந்த உரிமையே கிடைக்காமல் போகலாம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு, அடுத்த கடைக்காரர் இந்த யோசனையைப் பார்த்துச் செய்து முடிப்பதற்குள் உங்கள் கடையில் அடுத்த யோசனை தயாராக இருப்பதுதான். அது முதலாளி ஒருவரின் தலையால் மட்டும் நடக்காது. ஐந்து பேர் தலையும் வேலை செய்தால்தான் நடக்கும்.

ஆகவே, புத்தாக்கத்தைத் தொடங்க எந்த வங்கிக்கும் போக வேண்டியதில்லை. கடையிலிருக்கும் ஒருவர் உங்களிடம் வந்து, "ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்பார். உங்கள் கையில் வேலை இருக்கும். வாசலில் ஆள் காத்திருப்பார். நின்று பேச நேரம் இருக்காது. "இப்போ கூட்டமா இருக்கு தம்பி, மூணு மணிக்கு வந்து சொல்லு, நான் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று மணிக்கு அவர் வராவிட்டால், நீங்களே அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.